சடையாண்டியின் மூக்கு

மாமியார் அன்றைக்குச் சுபேதார் கோயில்பிள்ளையையே மறந்துபோனாள்.

"தாங்கள் யாரென்று தெரியவில்லை. வழிவிட்டு நிற்கவும்" என்றாள், பாடப்புத்தகத் தமிழில். கோயில்பிள்ளை தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி முகத்தைக் காட்டினார். தாடையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ம்ஹூம், அதே பதில்தான். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற தவசிமுத்து கழுத்தை நீட்டிப் பார்த்தான். படகு மூழ்கியபோது இத்தனை பேரையும் கைகோக்கச் சொல்லி, பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டு மிதக்க வைத்த மனிதர் அவர். அவரை யாரென்று தெரியவில்லையாம்! நன்றாக இருக்கிறது நியாயம்!

மாமியார் என்றதும் யாரோ பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். சோற்றுக்கூடத்து வாசலுக்கு மேலே பதித்திருந்த ஒரு கண்ணாடிக் கண், அதற்குப் பின்னால் எங்கேயோ கணக்குப் போடும் ஒரு மூளை, பேசுவதற்கு ஒரு ஸ்பீக்கர். அவ்வளவுதான் அவள். ஜெயிலை மாமியார் வீடு என்பது நம் ஊர் வழக்கம். கைதாகி வந்த முதல் நாளே உசிலம்பட்டிச் சடையாண்டி அந்த வாசலைப் பார்த்துவிட்டு, "ஆள் மூஞ்சியப் பாத்துத்தேன் சோறு போடுவாளாம்ல? அப்ப இவதேன்டா மாமியா" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அது கடலடிப் போர் நடந்த காலம். கடலின் அடியில் உருளைக்கிழங்கு மாதிரி உருண்டு கிடக்கும் உலோகக் கற்களுக்காக நாடுகள் கூட்டுச் சேர்ந்து அடித்துக்கொண்டன. எதிரிக் கூட்டணி, படகு மூழ்கிக் கடலில் மிதந்த இவர்களைப் பிடித்துத் தென்கடலின் கடைக்கோடியில், குளிரும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு தீவில் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே காவலுக்கு ஒரு மனுஷன் கிடையாது. எவன் வந்து அந்தக் குளிரில் கிடப்பான்? எல்லாம் இயந்திரம்தான். ஆளில்லாக் கப்பல் வந்து கூழ்மாவையும் மருந்தையும் இறக்கிவிட்டு, கைதிகள் அமிலத்தில் கழுவி வைத்த கற்களை ஏற்றிக்கொண்டு போகும். எதிரி எதிரி என்கிறோமே, அந்தத் தீவில் எதிரி என்று ஒருவனைக்கூட அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

அன்று கொட்டடிக்குத் திரும்பியதும் மெஹருன்னிசாவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் தகவல் தொடர்புப் பிரிவுக்காரி, கீழக்கரைப் பெண். இயந்திரங்களின் புத்தி எப்படி ஓடும் என்று அறிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான்.

"மறதி எல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாள் கோயில்பிள்ளையிடம். "நாம வந்த அன்னைக்கு ஒவ்வொருத்தரையும் நிக்க வச்சுப் படம் எடுத்துச்சே, அதுதான் அதுக்கு நம்ம முகம். தினமும் வாசல்ல நிக்கிற முகத்தை அதோட ஒத்துப் பாக்குது. அன்னைக்கு உங்க கன்னம் எப்படி இருந்துச்சு? இப்ப எப்படி இருக்கு?"

"ஒட்டிப் போச்சு" என்றார் கோயில்பிள்ளை.

"வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டிட்டா நீங்க வேற ஆள். வேற ஆளுக்குச் சோறு கிடையாது, ஊசி மருந்து கிடையாது. கைரேகையைக் காட்டலாம்னா அமிலம் அதைத் தின்னுருச்சு."

"அப்போ இவ போடுத அரைவயித்துக் கூழுல நாம இளைப்போம். இளைச்சதும் ஆளு தெரியலம்பா. சோறு போடமாட்டா. இன்னும் இளைப்போம். அப்படித்தான?" என்றார் அவர்.

மெஹருன்னிசா தலையாட்டினாள். கூட வந்த பவுல்ராஜ் விஷயத்தில் எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான். முதலில் மறக்கப்பட்டவன் அவன். ஆளுக்கு ஒரு வாய்க் கூழைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் இளைத்தார்கள். இளைத்த இரண்டு பேரையும் மாமியார் மறந்தாள். பவுல்ராஜ் அதைப் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். கடைசிவரை திறக்கவில்லை. கடலோரத்தில் கல் குவித்து அவனைப் புதைத்தார்கள். ஒருத்தனுக்கு ஒருத்தன் இரங்கினால் அந்த இரக்கமே அடுத்தவனைக் கொல்லும்படி ஒரு வாசலைச் செய்து வைத்தவன் எவனோ, அவன் நாசமாய்ப் போக.

தவசிமுத்துவை மட்டும் மாமியார் மறக்க வழியே இல்லை. அவன் பிறவியிலேயே ஒட்டடைக்குச்சி. இளைப்பதற்கு அவன் கன்னத்தில் என்றைக்கும் சதை இருந்ததில்லை.

அவன் சாத்தான்குளத்துக்காரன். பட்டாளத்துக்கு வருமுன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் படக்கடை வைத்திருந்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வீட்டில் மாட்டி மாலை போடுகிற படம், இதுதான் பிழைப்பு. குடும்பத்தார் அழுதுகொண்டே ரேஷன் கார்டுப் படம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். நோயில் கிடந்து குச்சியாய்ப் போன முகம் இருக்கும். தவசிமுத்து கன்னத்தை ஏற்றுவான், கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுப்பான், சட்டையே போடாமல் வாழ்ந்த மனிதருக்குக் காலர் வைத்த சட்டை மாட்டுவான். கோணல் பல்லை நேராக்குவான். மாறுகண்ணைச் சரிசெய்வான். படத்தைப் பார்த்துக் குடும்பம், "அப்படியே எங்கப்பாதான்!" என்று விம்மும். அப்பா என்றைக்கும் அப்படி இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

தீவில் கண்ணாடி கிடையாது. "என் மூஞ்சி எப்படில இருக்கு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? தவசிமுத்து கூழ்மாவு வந்த அட்டைப் பெட்டியை அளவாக வெட்டி, கணப்பிலிருந்து கரியைச் சுரண்டி மசகெண்ணெயில் குழைத்து ஒவ்வொருவரையாக உட்கார வைத்து, ஆள் அளவுக்கு வரைந்து கொடுத்தான். தொழில் புத்தி கையில் ஊறியதல்லவா, ஒட்டிய கன்னத்தை ஒருத்தருக்கும் வரையவில்லை. எல்லோரும் படத்தில் ஊரிலிருந்து வந்த அன்றுபோல் கொழுகொழுவென்று இருந்தார்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தார்கள். நான் இன்னும் இப்படித்தான் இருக்கிறேன் என்று நம்பினால் தூக்கம் வந்தது.

சடையாண்டி மட்டும் உட்காரமாட்டேன் என்றுவிட்டான்.

"எலே சடையா, ஒரு நாழி உக்காருல" என்று தவசிமுத்து கெஞ்சினான். படகு மூழ்கியபோது நீச்சல் தெரியாத தவசிமுத்துவை முதுகில் போட்டுக்கொண்டு நீந்தியவன் சடையாண்டி. அவனுக்கு வரையாமல் மற்றவர்களுக்கு வரைவது இவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"என்னைய விட்ருப்பா. நீ ஊர்ல யாருக்குப் படம் போட்ட? செத்தவய்ங்களுக்குத்தான? உங்கையால எம்மூஞ்சி அட்டையில ஏறுச்சுன்னா அடுத்து மாலைதேன்."

"உங்க ஊர்ல உசுரோட இருக்கவனுக்கு அம்பதடி பேனர் வைக்கீங்களே, அது என்னதாம்?"

"அது பேனரு. இது படம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் என்ன கடை நடத்துன?"

அதற்கு மேல் அவனிடம் பேச முடியுமா? விட்டுவிட்டான்.

இப்போது கோயில்பிள்ளை கதைக்கு வருவோம். மறக்கப்பட்ட மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அமைதியான மனிதருக்குக் கோபம் வந்தால் கேட்க வேண்டுமா? தன் படத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய், முகத்துக்கு நேராக அதைப் பிடித்தார். "இந்தா பாரு! இதுதாம்டி நான்! இப்பவாவது தெரியுதா, கண்ணவிஞ்ச கழுத!"

மாமியார் ஒரு நொடி யோசித்தாள்.

"கோயில்பிள்ளை. முகம் பொருந்துகிறது. உயிர்க்குறி இல்லை. வழிவிட்டு நிற்கவும்."

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. மெஹருன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கூழ்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"சார், அது என்ன சொல்லுச்சுன்னு கேட்டீங்களா? முகம் பொருந்துதாம்! உங்க முகம் பொருந்தல, தவசிமுத்து அண்ணன் வரைஞ்ச முகம் பொருந்துது! அவர் கன்னத்தை ஏத்தி வரைஞ்சது அன்னைக்கு எடுத்த படத்தோட ஒத்துப்போகுது."

"சரிம்மா, அட்டைக்கு உசுருக்கு எங்க போக?" என்றார் கோயில்பிள்ளை.

"அட்டையை முகத்தோட ஒட்டிக் கட்டிக்கிட்டா சூடு தெரியும். அப்புறம் கண்ணு சிமிட்டணும். கண்மணி அசையணும்." அவள் தவசிமுத்துவைப் பார்க்காமல் சொன்னாள். "படத்துல கண்ணை வெட்டி எடுத்துட்டா, ஓட்டை வழியா நிசக் கண்ணு தெரியும். ஆள் எவ்வளவு இளைச்சாலும் கண்ணு இளைக்காதுண்ணே."

தவசிமுத்துவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அதுக்கு என் கண்ணப் பிடுங்கிக்கிடும்மா!" என்று கத்தினான். கன்னம் யாருடையதாகவும் இருக்கலாம், சட்டை கடைச் சட்டையாக இருக்கலாம், கண்தான் அவன் வேலை. எந்தப் படத்திலும் கண்ணைக் கடைசியில்தான் எடுப்பான். கரியை நகத்தால் சுரண்டி அந்தச் சின்ன வெளிச்சப் புள்ளியை வைக்கும்போது அட்டையிலிருந்து ஆள் நிமிர்ந்து பார்ப்பான். அதற்காகத்தான் அவன் அந்தக் குளிரிலும் விரல் மரத்துப்போக உட்கார்ந்து வரைந்ததே.

கோயில்பிள்ளை தகர டப்பா மூடியைத் தேய்த்துச் செய்த கத்தியை அவனிடம் நீட்டினார். "நீ வரைஞ்சதுல, நீயே வெட்டு. வேற எவனும் தொடப்பிடாது."

வெட்டினான். முதல் கண்ணை ஓரத்தைச் சுற்றி மெதுவாக வெட்டி எடுத்தான். இரண்டாவதை வெட்டும்போது அழுதுவிட்டான். வெட்டிய துண்டுகள் காற்றில் பறந்து போயின. கோயில்பிள்ளை அட்டையை முகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பினார். கரியால் வரைந்த கொழுத்த கன்னங்களுக்கு நடுவே அவருடைய நிஜக் கண்கள் இரண்டும் சிமிட்டின. பார்த்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"வருக, கோயில்பிள்ளை. முகம் பொருந்துகிறது. உடல்நலம் திருப்தி" என்றாள் மாமியார். கதவு திறந்தது.

அன்று அந்தத் தீவு கண்ட ஆரவாரம் இருக்கிறதே! ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். மறக்கப்பட்டவர்கள் எல்லோரும் தத்தம் முகத்தைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று, கூழை வாங்கி, மாமியாருக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து தினமும் அட்டை முகங்களின் பந்திதான். சடையாண்டி வெறும் முகத்தோடு உள்ளே போய் உட்கார்ந்து அவர்களைக் கேலி செய்வான். மலைபோன்ற ஆள், அவனுக்கு இளைக்க நாளாகும்.

"என்னப்பா இது, ஆண்டு விழா மாறுவேடப் போட்டியா? பரிசு எனக்கு, நான் மனுச வேசம் கட்டிருக்கேன்."

சிரித்த வாய்க்குத்தான் சோதனை வரும் போலிருக்கிறது. அவனுக்குக் காய்ச்சல் வந்தது. விடாத, உலுக்கிப் போடுகிற காய்ச்சல். பத்து நாளில் மலை கரைந்து எலும்பு தெரிந்தது. காய்ச்சலுக்கு ஊசி மருந்து மாமியாரிடம்தான் இருந்தது. ஆளை அடையாளம் கண்டால் வாசல் சுவரிலிருந்து ஒரு கை நீண்டு வந்து போட்டுவிடும். கூழையாவது ஒளித்துக் கொண்டுவரலாம், ஊசியை எப்படிக் கொண்டுவருவது? இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"தாங்கள் யாரென்று தெரியவில்லை."

கோயில்பிள்ளை தன் அட்டையை அவிழ்த்து அவன் முகத்தில் கட்டிப் பார்த்தார். "கண் பொருந்தவில்லை" என்றாள் மாமியார். மெஹருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். முகமும் அவனுடையதாக இருக்க வேண்டும், கண்ணும் அவனுடையதாக இருக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் முகம் இருந்தது. இவனுக்குத்தான் இல்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் மருந்து போகாவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

தவசிமுத்து அட்டையோடு உட்கார்ந்தான். எதிரில் கிடப்பது மண்டையோடு. அதைப் பார்த்து வரைந்து பயனில்லை. பழைய முகத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். கண்ணை மூடி யோசித்து, ஒரு பகல் முழுக்க வரைந்தான். அகன்ற தாடை, அடர்ந்த மீசை, நிறைந்த கன்னம். படத்தைக் காட்டியதும் அந்தக் காய்ச்சலிலும் சடையாண்டியின் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! இம்புட்டு அழகனாடா நானு?"

மாலை பற்றிய பயமெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. தவசிமுத்து கண்ணை வெட்டினான். கட்டினார்கள். தூக்கிக்கொண்டு போனார்கள்.

"முகம் பொருந்தவில்லை. வழிவிட்டு நிற்கவும்."

தவசிமுத்து வாசலையே முறைத்தான். இத்தனை பேருக்கும் பொருந்திய கை, தன்னை முதுகில் சுமந்தவனுக்குப் பொருந்தவில்லையா? அட்டையை அவிழ்த்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். குறை தெரியவில்லை.

மெஹருன்னிசா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது அவர் இல்ல. இது மாப்பிள்ளை படம்னு பொண்ணு வீட்டுக்கு அனுப்புறது மாதிரி இருக்கு."

"என்ன சொல்லுத நீ?"

"அவர் மூக்கு இப்படியா இருக்கும்?"

அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. சடையாண்டியின் மூக்கு உடைந்த மூக்கு. படத்தில் அது கத்தி போல் நேராக நின்றது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கை செய்திருக்கிறது. பல வருஷமாக ஊரில் உள்ள கோணலையெல்லாம் நேராக்கிப் பழகிய கை. எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தபோது கண் கையைப் பிடித்து நிறுத்தியது. நினைவிலிருந்து வரைந்தபோது கையைப் பிடிக்க ஆளில்லை. சரி, உடைந்த மூக்கையே வரைவோம் என்றால், எந்தப் பக்கம் உடைந்தது, எவ்வளவு வளைந்தது? யோசிக்க யோசிக்க நேர் மூக்குதான் கண்முன் வந்தது. சடையாண்டியின் இப்போதைய மூக்கைப் பார்த்தால், குளிர்ப்புண் வெடித்து வீங்கிக் கிடந்தது, அதுவும் துப்புக் கொடுக்கவில்லை. "எனக்கு ஞாபகம் இல்ல சார், எனக்கு அவன் மூஞ்சியே ஞாபகம் இல்ல" என்று கோயில்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினான்.

கோயில்பிள்ளை அவனை உட்கார வைத்தார். பிறகு கொட்டடி முழுவதையும் அழைத்தார்.

"எல்லாரும் கேளுங்கல. இந்தச் சடையாண்டி நம்மள எத்தன நாளு கேலி பேசியிருக்கான்? இன்னைக்கு நம்ம முறை. அவன் மூஞ்சியில என்னென்ன கோணல் உண்டோ ஒண்ணு விடாம சொல்லுங்க. நல்லதா ஒரு வார்த்த சொல்லப்பிடாது. சொன்னா உதைப்பேன்."

முதலில் எல்லோரும் தயங்கினார்கள். சாகக் கிடக்கிறவனைப் போய் எப்படி? அப்புறம் ஒருவன் மெதுவாகத் தொடங்கினான்.

"நெத்தி மூணு வெரக்கடதான் சார். நாலாவது வெரல வச்சா மயிருக்குள்ள போயிரும்."

"காது ரெண்டும் இட்லித் தட்டு."

"ரெண்டும்னு யாரு சொன்னா? இடது காதுதான் இட்லித் தட்டு. வலது காது மேல மடிஞ்சிருக்கும், நாய்க்குட்டி மாதிரி."

"வாய் வலது பக்கம் ஏறும். பொய் சொல்றப்ப இன்னும் ஏறும்."

"அப்ப எப்பவுமே ஏறித்தான் இருக்கும்னு வரைங்க" என்றாள் மெஹருன்னிசா.

குபீரென்று சிரிப்பு கிளம்பியது. சடையாண்டி கண்ணைத் திறக்காமல், "டேய்... எந்திரிச்சேன்னா ஒருத்தனும் உசுரோட இருக்க மாட்டீக" என்று முனகினான். அது கேட்டுச் சிரிப்பு இன்னும் பெருகியது. எத்தனை மாதமாயிற்று அந்தக் கொட்டடியில் இப்படிச் சிரித்து!

"மூக்கச் சொல்லுங்கல, மூக்க!" என்று தவசிமுத்து கத்தினான்.

"நடுவுல ஒரு முடிச்சு. அங்கேருந்து இடது பக்கம் சாயும்."

"அம்மியில அரைச்சுக்கிட்டே கொழவியப் பாதியில போட்டுட்டுப் போன மாதிரி!"

"வலது ஓட்டை பெருசு, இடது ஓட்டை சிறுசு. குறட்டை அதான் ரெண்டு ராகத்துல வருது."

"மஞ்சுவிரட்டுல மாடு முட்டுச்சும்பான். மாடுமில்ல மண்ணாங்கட்டியும் இல்ல. சைக்கிள்ல போயி மைல்கல்லுல விழுந்தது. காய்ச்சல்ல அவனே உளறினான்!"

"அத ஏன்டா... வெளிய சொல்றீய..." என்றான் சடையாண்டி.

தவசிமுத்து வரைந்தான். கை ஒவ்வொரு கோட்டையும் நேராக இழுக்கப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் நாலு பேர், "கோணல், கோணல், இன்னும் கோணல்!" என்று கூவினார்கள். அழித்தான், வளைத்தான், முடிச்சு வைத்தான். வரைய வரைய அவனுக்கே வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு அவலட்சணமாக எவரையும் அவன் வரைந்ததில்லை. திடீரென்று ஒருவன், "ஐயோ, சடையாண்டி!" என்றான். அட்டையில் இருந்து அவன், யாரையோ நக்கலடிக்கப் போகிறவன் போல, வாய் கோணிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தவசிமுத்து கத்தியை எடுத்துக் கண் இரண்டையும் தானே வெட்டினான். இந்தத் தடவை அழவில்லை.

வாசலில் நான்கு பேர் அவனை நிமிர்த்திப் பிடித்தார்கள். "கண்ணத் தொறல, கண்ணத் தொற" என்று தவசிமுத்து காதில் கெஞ்சினான். அட்டைக்குள் இமைகள் ஆடின. மெல்லத் திறந்தன. மாமியார் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வருக, சடையாண்டி. முகம் பொருந்துகிறது. காய்ச்சல் உள்ளது. மருந்து வழங்கப்படும்."

சுவரிலிருந்து கை நீண்டு வந்து ஊசி போட்டது. கோயில்பிள்ளை தொப்பியை வானத்தில் எறிந்தார். தவசிமுத்து தரையில் உட்கார்ந்து, "மூக்கு பொருந்திட்டுல! மூக்கு!" என்று தன் கையையே முத்தமிட்டுக்கொண்டான். பத்து நாளில் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்த சடையாண்டி முதல் வேலையாக அட்டையை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இம்புட்டுக் கேவலமாவா இருக்கேன்?"

"ஆமால."

"சரி விடு. சோறு போடுதுல்ல" என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டு பந்திக்குப் போனான்.

ஒரு நாள் பகலில், வழக்கமான கப்பல் வரவேண்டிய நாளல்லாத ஒரு நாளில், வேறொரு கப்பல் வந்தது. அதிலிருந்து மனிதர்கள் இறங்கினார்கள். நிஜ மனிதர்கள்! எல்லோருக்கும் முன்னால், பருத்த கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண் வந்தார். போரில் சேராத நாடுகள் வைத்திருந்த கைதிகள் நலக்குழுவின் அதிகாரி. பேர் லோகநாயகி, ஊர் பினாங்கு.

"வணக்கம்ங்க" என்றார். அவர்களுடைய ஒட்டிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "நீங்கல்லாம் படகோட முழுகிட்டீங்கன்னு உங்க நாட்டுல அறிவிச்சுட்டாங்க. தெரியுமா?"

"நாங்க இங்க இருக்கது அப்போ எப்படித் தெரிஞ்சுது?" என்றார் கோயில்பிள்ளை.

லோகநாயகி கையிலிருந்த பலகைத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். திரை முழுவதும் அட்டை முகங்கள். கரியால் வரைந்த கொழுத்த கன்னங்கள், கிழிந்த ஓரங்கள், பின்னால் கட்டிய கயிறு, எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் கீழும், 'உடல்நலம் திருப்தி'. சடையாண்டி படத்தின் கீழே மட்டும், 'காய்ச்சல் உள்ளது. மருந்து வழங்கப்படும்'.

"அந்தக் கூட்டணிக்காரங்களே வெளியிட்டது. எங்ககிட்ட இருக்கிற கைதிங்க எவ்வளவு நல்லா இருக்காங்க பாருங்கன்னு உலகத்துக்குக் காட்ட. வாசல்ல மெஷின் எடுத்த படம். இன்னொரு மெஷின் சரிபார்த்தது, இன்னொரு மெஷின் உலகம் பூரா அனுப்பிச்சது. நடுவுல ஒரு மனுஷன் திரும்பிப் பார்த்திருந்தா போதும், இந்தப் படத்தை வெளிய விட்டிருக்கவே மாட்டாங்க. ஒருத்தரும் பார்க்கவே இல்ல லா!"

மெஹருன்னிசா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா மத்த உலகத்துல மனுஷங்க பார்த்தாங்க. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுது, இது அட்டைன்னு. அட்டைக்குப் பின்னால என்ன இருக்கும்னு கேட்டுட்டாங்க. எங்க ஊர்லயும், உங்க ஊர்லயும், அந்தக் கூட்டணி நாடுங்கள்லயே கூட, ஜனங்க அட்டையில முகம் வரைஞ்சு கண்ணை வெட்டி மாட்டிக்கிட்டுத் தெருவுல வந்து நின்னாங்க. லட்சக்கணக்குல. அதுக்கு மேல அவங்களால மறைக்க முடியல. உங்களை அழைச்சுட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. அந்தச் சத்தத்தில் கடற்பறவைகள் கூட்டமாக எழும்பின. கோயில்பிள்ளை ஒவ்வொருவர் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார். பவுல்ராஜ் பெயரையும் கூப்பிட்டார்.

"இதை வரைஞ்சவர் யாரு?" என்று லோகநாயகி கேட்டார். சடையாண்டி தவசிமுத்துவைக் கொத்தாகப் பிடித்து முன்னால் தள்ளினான். "இவன்தேன். எம்மூக்கச் சந்தி சிரிக்க வச்சவன்."

"நீங்க சடையாண்டியா? உங்க வீட்டம்மா பேசினது ஒண்ணு இருக்கு. பத்திரிகைக்காரங்க எடுத்தது." அவர் திரையைத் தொட்டார்.

உசிலம்பட்டித் தெரு ஒன்றில், மைக்குகளுக்கு நடுவே ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். சடையாண்டி பொண்டாட்டி ஒச்சம்மாள். அட்டை முகத்தைக் காட்டி யாரோ அவளிடம் கேட்கிறார்கள், இது வெறும் கரிப்படம்தானே, உள்ளே இருப்பது உன் புருஷன்தான் என்று எப்படிச் சொல்கிறாய்? 

"மூக்கு அவரு மூக்குதேன், எவனோ ஈவிரக்கமில்லாம வரைஞ்சிருக்கான். ஆனா மூக்கப் பாத்து நான் சொல்லல. அந்த ஓட்டைக்குள்ள பாருங்கய்யா. காச்சல் வந்தா இப்படித்தேன் பாப்பாரு, திருதிருன்னு. அது எங்காளு கண்ணு."

சடையாண்டி திரையைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். தவசிமுத்து பக்கத்தில் நின்றான். அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அவன் வரையாத இடம் அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரி புருஷனைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருந்தது. காற்றில் போன அந்தக் கண்களை நினைத்து அவன் அதன்பிறகு வருத்தப்படவே இல்லை.